எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்?

போன மாதம் சித்தி மகன் போன் போட்டான். "அக்கா, நாப்பதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். ஒரு லென்ஸ் சொல்லு, வாங்கிடுறேன்." அவனிடம் ஒரு கிராப் சென்சார் கேமராவும் (படம் பதிவாகும் சென்சார் கொஞ்சம் சின்னதாக இருக்கும் வகை) அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. நண்பனின் அக்கா கல்யாணம் நெருங்கிவிட்டது, படம் எடுக்கும் பொறுப்பு இவன் தலையில்.

"மண்டபத்துல நீ எங்க நின்னு எடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"அது அங்க போனாத்தான்க்கா தெரியும்."

"அப்ப லென்ஸும் அங்க போனாத்தான் தெரியும்" என்றேன்.

மதுரையில் 17 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எடுத்து வருகிறேன். தொழிலைக் கற்றது தாய்மாமாவின் ஸ்டுடியோவில். லென்ஸ் கேட்டு வருகிற எல்லோரும் எம்எம் கணக்கிலிருந்துதான், அதாவது லென்ஸின் குவியத் தூரத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த எண் கூடக் கூடப் படத்துக்குள் அடங்கும் பரப்பு சுருங்கும். 85 நல்லதா, 70-200 நல்லதா என்று. நான் காலடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். படத்தில் எது பெரிதாகத் தெரியும், எது சின்னதாகப் போகும், பின்னாலிருக்கும் கோபுரம் ஆளின் தோளை உரசி நிற்குமா, எங்கேயோ தூரத்தில் குட்டியாக நிற்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அந்த இடத்திலிருந்து எவ்வளவை வெட்டி எடுத்துக்கொள்வது என்பது மட்டும்தான் லென்ஸின் வேலை.

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் கிட் லென்ஸை வைத்தே சோதித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் தங்கையையோ தம்பியையோ நிற்க வையுங்கள். பின்னால் 20 அடி தள்ளி எதிர்வீட்டுக் கதவு இருக்கட்டும். லென்ஸை 55-ல் வைத்து ஒன்பது அடி தள்ளி நின்று ஒரு படம். பிறகு 18-க்குத் திருப்பி, முகம் முன்பிருந்த அதே அளவுக்கு வரும்வரை முன்னால் நடந்து போய் ஒரு படம். மூன்றடிக்கு வந்துவிடுவீர்கள். இரண்டிலும் முகத்தின் அளவு ஒன்றுதான். ஆனால் முதல் படத்தில் எதிர்வீட்டுக் கதவு இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும். இப்போது மூன்றாவதாக ஒன்று: பழையபடி ஒன்பது அடிக்குத் திரும்பிப் போய், 18-லேயே வைத்து எடுங்கள். கம்ப்யூட்டரில் அதை, முதல் படத்தில் அடங்கியது மட்டும் வருமளவு வெட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். தெளிவு குறைந்திருக்கும், ஆனால் முகமும் கதவும் முதல் படத்தில் இருந்த அதே விகிதத்தில் இருக்கும். அரை மணி நேர வேலை. என்னிடம் கற்க வரும் பிள்ளைகளை முதல் நாளே இதைச் செய்ய வைத்துவிடுவேன்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்தச் சென்சார் 36 மிமீ அகலம், 24 மிமீ உயரம். எத்தனை அடி தூரத்தில் நிற்கிறீர்களோ அதை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் எம்எம்மால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை அடி அகலம் அடங்கும் என்று வந்துவிடும். 50 எம்எம் போட்டு பத்தடியில் நின்றால் 7.2 அடி. அதே பத்தடியில் 24 எம்எம் என்றால் 15 அடி. 200 எம்எம் என்றால் இரண்டடிகூட இல்லை. கிராப் சென்சார் கேமராவாக இருந்தால் 36-க்குப் பதில் 24 போட்டுக்கொள்ளுங்கள். கேனான் கிராப்பில் இன்னும் கொஞ்சம் குறையும், 22 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையே திருப்பியும் போடலாம். மேடையில் 20 அடி அகலத்துக்குச் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நான் 20 அடியில் நிற்க முடியும் என்றால் 20 பெருக்கல் 36 வகுத்தல் 20, அதாவது 36. ஃபுல் ஃபிரேமில் 35 எம்எம் ஏறக்குறைய சரியாக அடங்கும், ஓரத்தில் நிற்பவருக்காக அரை அடி பின்னால் போனால் போதும். முன்வரிசை நாற்காலிகள் இடித்து 14 அடிக்குமேல் பின்னால் போக முடியாவிட்டால் 24 எம்எம் எடுக்க வேண்டும். எடுக்கலாம், ஆனால் எம்எம் குறைந்த வைடு லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் போவார்கள். ஓரத்தில் பெரியம்மா நின்றால் அவர் மனசு நோகும்படியாகப் படம் வரும். அந்த மாதிரி நேரத்தில் நாற்காலி இரண்டை நகர்த்தச் சொல்லிக் கெஞ்சியாவது ஆறடி பின்னால் போவேன், இல்லையென்றால் ஆட்களை இரண்டு வரிசையாக்கி அகலத்தைக் குறைப்பேன். ஓரத்தில் நிற்பவர்களும் நம்மை நம்பித்தான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

முகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கல்யாண வேலையில் பாதி அதுதான்.

மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஏறக்குறைய 12 செமீ இருக்கும். ஒன்றரை அடி தூரத்தில், அதாவது 45 செமீயில் கேமராவைப் பிடித்தால் மூக்கு 45 செமீயிலும் காது 57 செமீயிலும் இருக்கின்றன. காதை ஒப்பிட மூக்கு கால் பங்குக்கு மேல் பெருத்துத் தெரியும். கன்னம் உள்வாங்கி, காது பின்னால் ஒளிந்துகொண்டு, முகமே வேறாகிவிடும். கையை நீட்டி எடுக்கும் செல்பியில் பலருக்குத் தங்கள் முகம் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். ஆறடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. எதிரில் உட்கார்ந்து பேசும்போது நாம் பார்த்துப் பழகிய முகம் அதுதான்.

அதனால் மணப்பெண்ணைத் தனியாக எடுக்கும்போது முதலில் ஆறடி விலகி நிற்கிறேன். அதற்குப் பிறகுதான் லென்ஸ். கேமராவை நட்டுக்குத்தாகப் பிடித்தால் 85 எம்எம்மில் ஆறடியிலிருந்து இரண்டரை அடி உயரம் கிடைக்கும்: நெற்றிச்சுட்டியிலிருந்து ஆரம்வரை. 50 போட்டால் நாலடிக்கு மேல், இடுப்புக்குக் கீழேயும் வரும். கிராப் கேமராவில் 50 எம்எம்மே ஏறக்குறைய மூன்றடி தந்துவிடும். 85 வாங்காமலே அந்த வேலை முடிகிறது. மணப்பெண் அறை பெரும்பாலும் சின்னது. சுவரோடு ஒட்டி நின்றாலும் ஆறடி கிடைக்காதபோது, லென்ஸை மாற்றி ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய் அங்கிருந்து எடுங்கள். வாசல் வழியாக வரும் வெளிச்சமும் சேர்ந்து கைகொடுக்கும்.

இனி தாலி கட்டும் நேரம். தொழிலுக்கு வந்த முதல் வருடம், 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது. பின்னணி கரைந்து போகும் அழகில் மயங்கி, முகூர்த்தத்துக்கும் 1.8-லேயே வைத்துவிட்டேன். மேடையில் எனக்குக் கிடைத்த இடம் ஆறரை அடி. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார், பின்னால் நாத்தனார் விளக்கோடு நிற்கிறார். நான் மாப்பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். அந்தத் தூரத்தில், அந்த அப்பர்ச்சரில், தெளிவாக விழும் ஆழம் ஆறு செமீதான். தலை குனிந்திருந்த மணப்பெண் அதைத் தாண்டி முன்னால் இருந்தார். அந்த ஆல்பத்தில், அந்தப் பக்கத்தில், மணப்பெண்ணின் முகம் இன்றைக்கும் மசங்கலாகத்தான் இருக்கிறது. திரும்பக் கட்டச் சொல்லி எடுக்கிற படமா அது?

அதே இடத்தில் 35 எம்எம் போட்டு எஃப் 2.8 வைத்திருந்தால் தெளிவின் ஆழம் அரை மீட்டரைத் தாண்டியிருக்கும். இரண்டு முகம், தாலிக்கயிறு, நாத்தனார் கை எல்லாம் அதற்குள் வந்துவிடும். 85-தான் வேண்டும் என்றால் எஃப் 5.6-க்காவது போக வேண்டும், அப்போதுகூட 18 செமீதான். அன்றிலிருந்து முகூர்த்தத்துக்கு என் கையில் இருப்பது 35. இரண்டாவது கேமராவில் 85 தொங்கும். அம்மா அப்பாவின் கண் கலங்குவதை மேடையின் மறுபக்கத்திலிருந்து எடுப்பதற்காக அது.

எஃப் எண் குறைந்த லென்ஸுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பின்னணியைக் கரைப்பது இரண்டாவது காரணம், வெளிச்சம்தான் முதல் காரணம். 18-55 கிட் லென்ஸ் 55-க்குப் போனால் எஃப் 5.6. அதோடு ஒப்பிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மண்டபத்தில் 1.8-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 1600 போதும் என்ற இடத்தில், அதே ஷட்டர் ஸ்பீடுக்கு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 5.6-ல் ஐஎஸ்ஓ 16000 வைக்க வேண்டிவரும். பட்டின் ஜரிகையில் புள்ளி புள்ளியாகக் குருணை தட்டும். லென்ஸிலேயே ஆட்டத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்று போட்டிருப்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். குத்துவிளக்கை நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கலாம், அட்சதை தூவும் கையை எடுக்க முடியாது. அதற்கு நொடியில் 200-ல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவோம். அழகர் வைகையில் இறங்கும் விடியலை நான் இரண்டு விதமாகவும் எடுத்திருக்கிறேன். ஒரு வருடம் ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் ஒரு மாடியில் இடம் கிடைத்தது. குதிரை வாகனம் 150 அடியில். 200 எம்எம்மில் 27 அடி அகலம் அடங்கியது. தூரத்திலிருந்து வெட்டி எடுப்பதால் முன்னால் நிற்கும் தலைகளும் பின்னால் நிற்கும் தலைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் அடுக்கடுக்காக எழுந்து, அந்த அலைக்கு நடுவில் தங்கக் குதிரை மிதந்தது. கூட்டத்தின் பெருக்கத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. இன்னொரு வருடம் கூட்டத்துக்குள்ளேயே நின்றேன், 24 எம்எம்மோடு. இரண்டடி முன்னால் ஒருவர் தோல் பையை அமுக்கித் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். அவர் கை படத்தில் பாதி, தண்ணீர்க் கோடு வளைந்து மேலே போகிறது, தூரத்தில் அழகர் ஒரு விரலளவு. மாடியில் இருந்து எடுத்ததில் கூட்டத்தைப் பார்க்கலாம். இதில் கூட்டத்துக்குள் நாமே நிற்கிறோம். இரண்டில் எந்தப் படம் வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு ஆற்றுக்குள் இறங்கிவிட்டால் மாடிக்கு வழி கிடைக்காது. கூட்டத்துக்குள் போவதாக இருந்தால் லென்ஸ் ஹூடும் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) ஒரு பாலிதீன் உறையும் கட்டாயம். லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

கோபுரம் எடுப்பவர்கள் வைடு லென்ஸ் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல வரும். சாயாமல் வர வேண்டுமென்றால் கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். மட்டமாகப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி தரைக்குப் போய்விடும், மேல்பாதிக்குள்தான் கோபுரம் முழுதும் அடங்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் நட்டுக்குத்தாக எடுப்பதாகக் கணக்குப் போட்டால் 24 எம்எம்முக்கு 227 அடி பின்னால் போக வேண்டும், 16 எம்எம்முக்கு 151 அடி. தெற்குச் சித்திரை வீதியில் அதற்கு எங்கே போவது? நான் செய்வது, 40 அடி உயரத்தில் ஒரு மொட்டை மாடி தேடுவது. கண்மட்டம் உயர்ந்துவிட்டதால் மேலே 130 அடிதான் மிச்சம், 24 எம்எம்முக்கு 173 அடி போதும். மாடி கிடைக்காத நாளில் முழுக் கோபுரத்தை விட்டுவிடுகிறேன். 85 போட்டு ஒரு நிலையில் இருக்கும் சுதைச் சிற்பங்களை மட்டும் எடுக்கிறேன். மாலை நாலரை மணி வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஒவ்வொரு பொம்மையின் விரலும் நிழலோடு எழுந்து நிற்கும்.

பறவைக்கு 400, 600 என்று கடன் வாங்கி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சங்குவளை நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். நாரை மூன்றடி உயரம். 30 அடியில் நின்று 200 எம்எம் போட்டால் படத்தின் உயரம் 3.6 அடி, நாரை நிறைந்து நிற்கும். அதே நாரை குளத்துக்குள் 150 அடியில் நின்றால் 400 எம்எம்மிலும் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பக்கத்தில் போக வழியிருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள், கூட்டைக் கலைக்காத தூரத்தில் நில்லுங்கள். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கும், அந்த நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த டெலி லென்ஸாக இருந்தாலும் இறகு தெளிவாக விழாது. காலை எட்டரைக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

தாலி, ஜிமிக்கி, மருதாணி விரல் இவற்றைப் பெரிதாக எடுக்க மேக்ரோ லென்ஸ் தனி. பொருள் அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது எஃப் 8-லும் தெளிவு ஒரு மில்லிமீட்டருக்குள்தான். கையில் பிடித்து எடுக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

முதல் லென்ஸாக எதை வாங்குவது என்று கேட்டால், கிட் லென்ஸை ஒரு வருடம் நன்றாகப் பழகிவிட்டு, 50 எம்எம் எஃப் 1.8 என்பேன். பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் அது ஒன்று. கிராப் கேமராவில் வீட்டுக்குள் எடுப்பதே அதிகம் என்றால் 35. ஜூம் இல்லாததால் நடந்துதான் ஆக வேண்டும், தூரம் கண்ணுக்குப் பழகிவிடும். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் வாழ்நாள் வேலையின் பெரும்பகுதியை 50 எம்எம்மில்தான் எடுத்தார். அவர் படங்களைப் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் அவர் எங்கே நின்றிருப்பார் என்று தேடிப் பாருங்கள். அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

70-200 எஃப் 2.8 போன்ற பெரிய லென்ஸை வாங்கும் முன் இரண்டு வேலைக்கு வாடகைக்கு எடுங்கள். ஒன்றரை கிலோ வரை எடை இருக்கும், காலை நாலு மணியிலிருந்து பந்தி முடியும்வரை தோளில் தொங்கப் போவது அது. பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் உங்கள் கேமராவின் மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) பொருந்துமா என்று பார்த்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். கண்ணாடியில் நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கக் கூடாது. வாங்கியதைத் தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், முடிந்தால் ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினட்.

சித்தி மகன் போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போய்விட்டான். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: "மேடைல குரூப் நிக்கிற அகலம் 18 அடி. நான் நிக்கக்கூடியது 14 அடி. மணவறைக்குப் பக்கத்துல எனக்கு இடம் எட்டு அடி. பொண்ணு ரூம்ல கதவைத் திறந்தா ஆறடி வருது. ட்யூப்லைட் மட்டும்தான்க்கா, ஜன்னல் இல்ல."

குரூப்புக்கு 14 பெருக்கல் 24 வகுத்தல் 18, ஏறக்குறைய 19. கிட் லென்ஸின் 18-லேயே வந்துவிடும், ஃபிளாஷ் இருக்கிறது. மணவறைக்கு எட்டடியில் 50 எம்எம்மை நட்டுக்குத்தாகப் பிடித்தால் ஏறக்குறைய நாலடி உயரம், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அளவு சரி. இரண்டு முகமும் விழ எஃப் 4. பெண் அறைக்கும் அதே 50, அங்கே அவர் தனியாக இருப்பதால் எஃப் 2.

"50 எம்எம் 1.8 மட்டும் வாங்கு. மிச்சத்தைப் பேங்க்ல போடு" என்று பதில் அனுப்பினேன். "அப்ப 85?" என்று கேட்டான். கல்யாணம் நடக்கும் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, என்னுடையதை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.